ஏசி போட்டால் நடுங்கும் வண்டி

ஏசியைப் போட்டால் மட்டும் வண்டி நடுங்கியது. ஓடும்போது இல்லை, நிற்கும்போது. குளிர்ஜுரம் கண்ட உடம்பு மாதிரி ஸ்டியரிங்கிலிருந்து கண்ணாடி வரை உதறும். ஏசியை அணைத்தால் அடங்கிவிடும்.

"அண்ணன் இன்னும் எறங்கல அண்ணி. நான் அந்த சீட்ல குந்துறது அதுக்குப் புடிக்கல" என்றான் சுபாஷ்.

அண்ணி இளவரசியின் கணவன் தேவேந்திரன் ஆவணி மாதம் அந்த மினி லாரியில்தான் இறந்தான். பழவேற்காட்டிலிருந்து நண்டு ஏற்றிக்கொண்டு போனவன், அனுப்பம்பட்டு கிட்டே விடிகாலையில் ஓரமாக நிறுத்திவிட்டு, இன்ஜினும் ஏசியும் ஓட, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டான்; வெயில் ஏறின பிறகுதான் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அதிலிருந்து தம்பி சுபாஷ்தான் வண்டியை எடுக்கிறான். செவ்வாயும் வெள்ளியும் கல்லுப்பும் மஞ்சளும் கரைத்து, பானெட்டைத் திறந்து உள்ளே ஊற்றிக் கழிப்பான். அண்ணன் போகட்டும் என்று.

இளவரசிக்கோ கணவன் போக வேண்டாம். சாயங்காலம் சுபாஷ் ஏரிப் பக்கம் போனதும் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, ஏசியைப் போடுவாள். நடுக்கம் சீட்டு வழியாக முதுகில் ஏறும். தூங்குகிறவளைத் தோளைத் தொட்டு உலுக்குவது தேவேந்திரன் வழக்கம்; அதே மாதிரி இருக்கும். அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்வாள்.

ஐப்பசி மழை பிடித்தது. ஏசி இல்லாவிட்டால் கண்ணாடியில் மூச்சு படிந்து சாலையே தெரியாது. ஏசியோடு ஓட்ட சுபாஷ் மாட்டேன் என்றான். கால் கட்டிய நண்டுகள் கூடையில் கிடந்தன. வேறு வழியில்லாமல் பொன்னேரியிலிருந்து தங்கவேல் மெக்கானிக்கை வரச் சொன்னாள். அவர் கண்டுபிடிக்காமல் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

தங்கவேல் ஏசி இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். நடுக்கமே இல்லை. ஏசியைப் போட்டார். நடுங்கியது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம்போல அழுத்தினார். நடுக்கம் நின்றது.

"அண்ணன் கெளம்ப சொல்லுதா?" என்றான் சுபாஷ்.

"பேஜார் பண்ணாத. ஏசி போட்டா காம்ப்ரசர் இன்ஜினப் புடிச்சு இழுக்கும். அப்ப வண்டி தானா ஸ்லோ ஸ்பீட ஏத்திக்கணும். இதுக்கு ஏசி போட்டதே தெரியல. சேதி போவல."

"யாருக்குண்ணே போவல?" என்று கேட்டுவிட்டாள் இளவரசி.

"இன்ஜினுக்கும்மா."

அவர் குனிந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போய் ஒயர்கள் சேரும் ஒரு கப்ளரைக் கழற்றினார். உள்ளே பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"எவன்டா இதுல உப்புத் தண்ணி ஊத்துனது?"

சுபாஷ் தலையைச் சொறிந்தான். "அது... அண்ணனுக்குக் கழிச்சேன்."

"எப்பலேர்ந்து ஆடுது?"

"ரெண்டு வாரம் இப்படி கழிச்சதுக்கப்புறம்தான். அண்ணனுக்குக் கோவம்னு இன்னும் ரெண்டு கை உப்பு சேத்துப் போட்டேன்."

"அப்போ பேய ஓட்டல நைனா, நீயே கூட்டியாந்து குடி வெச்சுக்கினு இருந்திருக்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இளவரசி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கவேல் பின்களைச் சுரண்டித் துடைத்து மாட்டினார். "ஏறி பாரும்மா" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு ஏசியைப் போட்டாள். இன்ஜின் ஒரு மூச்சு இழுத்து, தன்னை நிமிர்த்திக்கொண்டு, ஒரே சீராக ஓடியது. முதுகில் யாரும் தொடவில்லை. "என்னாங்க" என்று மெல்லக் கூப்பிட்டாள். சில்லென்ற காற்றுதான் முகத்தில் விழுந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் போன அன்றைக்கு வண்டி நடுங்கவில்லை. உப்புத் தண்ணி படாத வண்டி. இப்படித்தான், இந்தச் சத்தத்தோடுதான், வெயில் ஏறும்வரை நின்றிருக்கும். டிரைவர் ஏசி போட்டுத் தூங்குகிறான் என்று நினைத்து எத்தனை பேர் தாண்டிப் போயிருப்பார்கள். இவ்வளவு நாள் நடுக்கத்தில் அவள் உணர்ந்தது அவனை இல்லை. அவன் கடைசியாகக் கேட்டது இந்தச் சீரான சத்தத்தைத்தான்.

கண்ணாடிக்கு வெளியே சுபாஷின் வாய் அசைந்தது. கதவைத் திறந்தாள்.

"கூடைய ஏத்தவா அண்ணி?"

"ஏத்து." இறங்கி, சாவியை அவன் கையில் வைத்தாள். விடாமல் பிடித்துக்கொண்டாள். "வழியில உடம்புக்கு ஏதாச்சும்னா வண்டிய அணைச்சிடு. ஏசியோட விட்டுடாத. சத்தம் நின்னாதான் யாராச்சும் வந்து எட்டிப் பாப்பாங்க."