கோவாந்து எய்யாத முள்

1

கோவாந்து என்கிற மரமுள்ளம்பன்றியைப் பற்றிக் கனமான கட்டுரை ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது கதையாகிப்போனதற்கு என் சோம்பலும் பக்கத்து வீட்டு ஜுலெய்தியும் காரணம்.

முதல் தொடக்கம்: ‘பலா மரத்தின் உச்சியில், இருளின் தனிமையை வாலால் பற்றிக்கொண்டு—’

(அடித்துவிட்டேன். அப்போது பட்டப்பகல். அது சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி வெளியே தெரிந்தது.)

இரண்டாம் தொடக்கம்: ‘அதன் வால்நுனி மேற்புறமாகச் சுருளும். அங்கே முள் கிடையாது, ஏனெனில்—’

(உண்மைதான். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

சரி, நடந்ததையே சொல்லிவிடுகிறேன். ஜுலெய்தியின் கணவர் ஜுராந்திருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. எங்கள் கொக்கோத் தோப்புப் பக்கம் அதற்குக் கோவாந்து முள்ளை வறுத்துப் பொடித்துக் கஷாயம் கொடுப்பார்கள். கோபம் வந்தால் அது முள்ளை எய்யும் என்றும் நம்புவார்கள். ஆகவே ஜுலெய்தி மரத்தடியில் படுக்கை விரிப்பை விரித்துப் பிடித்தார்.

(எய்யாது. தொட்டால்தான் முள் கழன்று குத்தும். இது தெரிந்த நான்தான் விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தேன்.)

“டேய் சோம்பேறி! குண்டு மூக்கா! எய்யுடா பாப்போம்!”

அது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தது.

“நீயும் ரெண்டு திட்டு திட்டேன், மகனே. எழுத்தாளன்னு சொல்லிக்கிற!”

“என்னையத்தான் எல்லாரும் திட்டுவாங்க, தோனா. எனக்குத் திட்டிப் பழக்கமில்ல.” (தோனா என்றால் எங்கள் பக்கம் ‘அம்மா’ என்பது மாதிரி மரியாதை.)

3

கதாநாயகன் எதையும் செய்ய மறுப்பதால் நாயைக் கொண்டுவருகிறேன். (நிஜத்திலும் நாய்தான் வந்தது.) பொழுது சாய்ந்ததும் கோவாந்து இறங்கியது. ஜுலெய்தியின் நாய் பாய்ந்து கவ்வியது. மூஞ்சியெல்லாம் முள். ஜுலெய்தி நாய்க்காக அழுதுகொண்டே குறட்டால் பிடுங்கினார். ஒரு முள்ளைக்கூட வீணாக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோவாந்து அவசரமே இல்லாமல் வேறொரு மரத்தில் ஏறியது.

4

முடிவு ஒன்று: ஜுராந்திர் முள் கஷாயத்தைக் குடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

முடிவு இரண்டு: ஜுராந்திர் இறந்து—

(வெட்கமாக இருக்கிறது. மனிதர் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெயில் காய்கிறார்.)

ஜுலெய்தி வந்து படித்துக்காட்டச் சொன்னார். முதல் முடிவை மட்டும் படித்தேன்.

“ஏன், அவரைப் பேச வைக்கலியா?”

“அந்தக் கஷாயத்துக்கெல்லாம் பேச்சு வராது, தோனா.”

“கஷாயத்துக்கு வராது, சரி. எழுதுறது நீதானே? உனக்கென்ன செலவு? ஒரே ஒரு வார்த்தை. என் பேருகூட வேணாம். காப்பியில சக்கரை பத்தலன்னு என்னையத் திட்டட்டும்.”

எழுதினேன்: ‘ஜுராந்திர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்து—’

அதற்குமேல் கை ஓடவில்லை. தலையை நிமிர்த்தினால் வேலிக்கு மேலே அவர் முகம் தெரிகிறது. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, உங்களால் முடியும். முடித்துக் கொடுங்கள். ஜுலெய்தி இன்னும் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.