நாலாம் நம்பர் ஜெனரேட்டர்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரெங்கராஜ் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். பதினோரு வருடமாகப் போய்வந்த கேட்தான். சாதாரணச் சட்டையில் அதன் முன்னால் நிற்க, வேறு எந்த ஊருக்கோ வந்துவிட்டது போலிருந்தது.

அமீரகத்தில், அல் ஐனுக்கு வெளியே, ரிசர்வ் படைப் பிரிவு ஒன்றின் பட்டறை அது. ரெங்கராஜ் அங்கே ஜெனரேட்டர் மெக்கானிக். ஸ்பேனர் பிடிக்க வேண்டுமென்றால் படைப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அதனால் இந்தப் புதுக்கோட்டைக்காரர் யூனிபார்ம் போட்டார். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று தன் நம்பரை, "பதினேழு" என்று கத்தினார். வருடத்துக்கு ஒருமுறை முட்டிவலியை மறைத்துக்கொண்டு ஓடிக் காட்டினார். துப்பாக்கியை மட்டும் யாரும் கையில் கொடுக்கவில்லை.

போன வாரம் சுற்றறிக்கை வந்தது. டெக்னீஷியன் வேலையெல்லாம் இனி சிவிலியன் வேலை. ஒரு கம்பெனியின் கீழ் வரும். யூனிபார்மையும் கேட்டில் காட்டும் கார்டையும் வியாழனுக்குள் ஒப்படைக்க வேண்டும். வெள்ளி பன்னிரண்டு மணிக்குள் கேப்டன் முன்னால் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவருக்கு வேலை இல்லை, விசா இல்லை.

ரெங்கராஜ் யூனிபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மேலே கார்டை வைத்து வியாழன் மாலையே ஒப்படைத்துவிட்டார். இப்போது உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள்.

"கார்டு மாஃபி, அந்தர் மாஃபி, பாய்," என்றார் காவலர், கார்டு இல்லையென்றால் உள்ளே விட முடியாது என்று. அவர் கார் பேட்டரியைப் போன மாதம்தான் ரெங்கராஜ் மாற்றிக் கொடுத்திருந்தார்.

"என்னைத் தெரியாதா உனக்கு?" என்று இந்தியில் கேட்டார் ரெங்கராஜ்.

"பதினேழைத் தெரியும். பதினேழு நேற்றோடு கலாஸ், முடிந்தது."

உள்ளே இருந்த சக மெக்கானிக், கீழக்கரை மீராசாவுக்குப் போன் போட்டார்.

"கார்டையுமாய்யா குடுத்துட்டு வந்தீங்க?" மீராசா சிரித்தான். "சட்டைய நேத்து குடுக்கணும், கார்ட கையெழுத்து போட்டப்புறம் குடுக்கணும். எல்லாரும் அப்படித்தானே செஞ்சோம்!"

"பேப்பர்ல அப்படி இல்லையேப்பா."

"பேப்பரப் பாத்து இஞ்சின் ஓடுமாய்யா?"

கொஞ்ச நேரத்தில், மீராசா சொல்லி, புதுக் கம்பெனியின் கிளார்க் நாகஜோதி வேகமாக வெளியே வந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் முதல் பட்டதாரி. எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள்.

"உள்ள வரக் கார்டு வேணும். கார்டு வாங்க உள்ள வரணும். இத எழுதின ஆளு ஒரு நாளாவது இந்தக் கேட்ட நடந்து தாண்டியிருப்பானாண்ணே?"

"இப்ப நான் யாரும்மா? படையா, சிவிலியனா?"

"ரெண்டும் இல்ல."

"ஒப்பந்தத்த இங்க எடுத்துட்டு வாயேம்மா."

"கேட்டுட்டேன். கேப்டன் கண்ணு முன்னாடி போடணுமாம். கேப்டன் கேட்டுக்கு வரமாட்டாராம்." கொஞ்சம் யோசித்தாள். "வெளியாள் ரிப்பேருக்கு வந்தா ஒருநாள் பாஸ் உண்டு. கம்பெனியே எழுதிக் குடுக்கலாம். உள்ள என்ன ரிப்பேராக் கெடக்கு?"

"நாலாம் நம்பர் ஜெனரேட்டர். நேத்து பாதியில விட்டது."

"பாதியில விட்டது யாரு?"

"நான்தாம்மா."

"அது பதினேழு. நீங்க வெளியாளு. நில்லுங்க, எழுதிட்டு வர்றேன்."

பத்தரை மணிக்கு ஆரஞ்சு நிறப் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன் பட்டறைக்குள் விருந்தாளியாகப் போனார் ரெங்கராஜ். கேப்டன் கூப்பிடும்வரை சும்மா உட்காரத் தெரியவில்லை. நாலாம் நம்பரைச் சரிசெய்து ஓடவிட்டார். பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். கேப்டன் பாஸைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், பேனாவை நீட்டினார்.

கையெழுத்தானது. வேலை தப்பியது.

"புது கார்டு எப்பம்மா?" என்று நாகஜோதியிடம் கேட்டார்.

"திங்கக்கிழமை குடுப்பாங்க."

"எங்க?"

"இதே டேபிள்லதான்ணே." சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. கோபத்தில் முகம் சிவந்தது. "திங்கக்கிழமை கார்டு வாங்காட்டி இந்தக் கையெழுத்தும் செல்லாதாம்."

"அப்ப திங்கக்கிழமை இன்னொரு பாஸ்?"

"ஒரு ரிப்பேருக்கு ஒரு பாஸ்தான் குடுப்பாங்க."

ரெங்கராஜ் கழுத்திலிருந்த பாஸைத் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இரண்டு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தார். வேலை முடிந்தால் பாஸைத் திருப்பித் தர வேண்டும். முடியாவிட்டால் அடுத்த வேலைநாளும் செல்லும். சனி, ஞாயிறு லீவு; அடுத்த வேலைநாள் திங்கள்தான்.

நாலாம் நம்பர் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் ஓடுகிற இஞ்சினை அவர் காரணமில்லாமல் நிறுத்தியதில்லை. இது காரணமா இல்லையா என்றும் புரியவில்லை. ஆனாலும் நிறுத்தினார். டீசல் குழாயின் நட்டைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேட்டில் காவலர், வேலை முடிந்ததா என்று கேட்டார்: "காம் கதம்?"

"மாஃபி," என்றார் ரெங்கராஜ்.

காவலர் பாஸில் திங்கட்கிழமைத் தேதியைக் குத்திக் கொடுத்தார்.

யூனிபார்ம் சட்டையின் பைக்கு மூடி உண்டு, பொத்தான் உண்டு. இந்தச் சட்டையில் அதெல்லாம் இல்லை. நட்டு விழுந்துவிடக் கூடாதென்று பையைக் கையால் பொத்திக்கொண்டே பஸ் நிற்குமிடம் வரை நடந்தார்.