கேட்டில் ஒட்டிய முகம்

பள்ளிக்கூடத்தை மூடிய நாளிலிருந்து நான் கறுப்புக் கட்டங்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள், திரையில் இருபத்திரண்டு கறுப்புக் கட்டங்கள். ஒருத்தரும் கேமராவைப் போட மாட்டார்கள். "டீச்சர், எங்க வீட்ல நெட் வரல" என்பான் ஒருவன். அவனுக்குப் பின்னால் துப்பாக்கி விளையாட்டு படபடவென்று வெடித்துக்கொண்டிருக்கும். நான் ஓரிடத்தில் உட்கார்கிற ரகம் இல்லை. டேப்லெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்து நடந்துதான் பாடம் எடுத்தேன். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்.

கணக்கு டீச்சர் வேறு ஆசிரியர் குழுவில் எழுதியிருந்தாள்: "நோய்க்காலத்தில் ஓவிய வகுப்பை நிறுத்தினால் குடியா முழுகிவிடும்?" அதைப் படித்ததிலிருந்து எனக்கு வெறி பிடித்துவிட்டது. இந்தப் பிள்ளைகளை எப்படியாவது அசைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். முள்கரண்டியின் நிழலை மிருகமாக வரையச் சொன்னேன். வீட்டிலுள்ள சிவப்புச் சாமான்களை மட்டும் தேடிப் படமெடுக்கச் சொன்னேன். ஒருவன் தன் அப்பாவின் மூக்கை எடுத்து அனுப்பினான். ராக்கியா குடித்துச் சிவந்த மூக்கு. முழு மதிப்பெண் போட்டேன்.

அப்புறம்தான் முகப்படம்.

"ஜன்னல் பக்கத்துல ஒரு ஆள உக்கார வைங்க. லைட்ட அணைச்சிருங்க. பாதி முகத்துல வெளிச்சம், பாதியில நிழல். சிரிக்கச் சொல்லாதீங்க. முதல்ல அந்த முகத்த நல்லா உத்துப் பாருங்க, அப்புறமா எடுங்க." இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "ஒரு முகத்த உத்துப் பாத்துக்கிட்டே அந்த ஆள் மேல கோவமா இருக்கறது ரொம்பக் கஷ்டம்" என்றும் சேர்த்துக்கொண்டேன். எடுத்த படத்தை முழுத்தாளில் அச்சடித்து, கீழே பெயரும் வயதும் எழுதி, அவரவர் வீட்டுக் கேட்டில் ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டால் போடட்டும், தெருவே நமக்குக் கண்காட்சி. இந்த யோசனை வந்த அன்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் அவர் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, பெயரும் வயதும் போட்டு, வீட்டுக் கேட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். பிறந்ததிலிருந்து அந்தத் தாள்களைத் தாண்டித்தான் நடக்கிறேன். இருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் செய்த வேலையைப் பார்த்தால் உறைக்க வேண்டிய அவசியமும் இல்லைதான். தெருவெங்கும் பூனைகள் ஒட்டியிருந்தன. ஒரு டிராக்டர் இருந்தது. ஒரு ஆட்டுக்குட்டிக்குக் கீழே "புட்கா, வயது ஒன்று" என்று எழுதியிருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்தவள் ஒருத்திதான், கலீனா.

அன்று வகுப்பில் அவள் கேமராவைப் போட்டாள். பதின்மூன்று வயதுப் பெண். வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பவள், இங்கே திரை நிறைய முகத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"டீச்சர், நான் எங்கம்மாவ எடுத்தேன்."

"அம்மா இத்தாலியில இல்ல இருக்காங்க? எப்படி எடுத்த?"

"வீடியோ கால்ல. ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னேன். லைட்ட அணைக்கச் சொன்னேன். அவங்க சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க, திட்டி நிறுத்தினேன். கலர்ல முகம் பச்சையா வந்துச்சு, அதான் கறுப்பு வெள்ளையா மாத்திட்டேன்."

படத்தைத் திரைக்குக் காட்டினாள். நான் நடப்பதை நிறுத்தினேன். இடது கன்னத்தில் வெளிச்சம், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, நேராக நம்மைப் பார்க்கிற பார்வை. நானே எடுத்திருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. பொறாமையாகக்கூட இருந்தது.

"இப்ப அவங்க இத்தாலியில இல்ல டீச்சர்" என்றாள் கலீனா. குரல் இறங்கியது. "அவங்க சம்பளத்துக்குப் பாத்துக்கிட்ட பாட்டி செத்துப்போச்சு. வேலையும் போயிருச்சு. பஸ் புடிச்சு நம்ம எல்லையில விதின் டவுன் வரைக்கும் வந்துட்டாங்க, ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம்ல இருக்காங்க. நேத்து ராத்திரி அப்பாவக் கூப்பிட்டு, வண்டி கொண்டு வான்னாங்க. அப்பா முடியாதுன்னுட்டாரு."

ஏன் முடியாது என்று நான் கேட்கவில்லை. அவள் அப்பா ஸ்தாமென் சுற்று ஊர்களுக்கு ரொட்டி வேன் ஓட்டுகிறவன். இத்தாலியிலிருந்து வந்தவளை வீட்டில் சேர்த்தால் அவனும் பதினாலு நாள் வீட்டோடு கிடக்க வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. போன வாரம்தான் பென்காவின் கடை வாசலில் ஊரே கூடி, இத்தாலிக்குப் போனவர்கள் அங்கேயே இருக்கட்டும், இங்கே வேண்டாம் என்று முடிவுகட்டியிருந்தது. பென்காதான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாளாம்: "பெட்டிக்குள்ள நோயையும் மடிச்சு வெச்சுக் கொண்டாருவாளுங்க." ஸ்தாமென் அங்கேயே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றிருக்கிறான்.

"அதான் அம்மா முகத்த கேட்ல ஒட்டலாம்னு நெனச்சேன்" என்றாள் கலீனா. "உத்துப் பாத்தா கோவம் போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க."

ஏதாவது சொல்லவேண்டுமே என்று திரையைப் பார்த்தபோதுதான் அவள் தலைக்குப் பின்னால் ஜன்னலில் ஏதோ அசைவது தெரிந்தது. வெளியே கேட்டருகே முகக்கவசம் போட்ட ஒரு பெண் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். குனிந்து பூவைத் தரையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தோடு நின்றாள். அதைச் சாவுக்கு மட்டும்தான் செய்வோம்.

"கலீனா, படத்த எங்க அச்சடிச்ச?"

"பென்கா அக்கா கடையிலதான். அப்பா போன்லேருந்து அனுப்பினேன். கேட்லயும் ஒட்டிட்டோம்னு பதில் போட்டாங்க. நான் இன்னும் வெளிய போய்ப் பாக்கல. ஏன் டீச்சர்?"

ஊரில் யார் செத்தாலும் பென்கா கடை இயந்திரத்தில்தான் அச்சடிப்பார்கள். கலீனாவின் அம்மா இவெலினாவின் முகம், பெயர், முப்பத்தெட்டு வயது, கறுப்பு வெள்ளை, அதுவும் புருஷன் போனிலிருந்து. இதற்குமேல் பென்காவுக்கு என்ன விளக்கம் வேண்டும்?

டேப்லெட்டைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். வகுப்பை நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை. பூனைகளைத் தாண்டி, ஆட்டுக்குட்டியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் அங்கே இவெலினா என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கறுப்புக் கரை. மேல்மூலையில் சிலுவை. அதெல்லாம் பென்காவின் கைங்கரியம். என் கையிலிருந்து ஒரு பையன் குரல், "டீச்சர், அது கலீனா அம்மா இல்ல?" என்றது. பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் முகங்கள். துப்பாக்கிச் சத்தத்தைக் காணோம்.

கலீனா வீட்டுக் கேட்டருகே பத்துப் பதினைந்து பேர் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். தோட்டத்து டூலிப்புகளும் டாஃபடில்களும் தரையில் வரிசையாகக் கிடந்தன. மேயர் கொஸ்தாதின் கார்னேஷன் வாங்கி வந்திருந்தார், மேயரில்லையா. பென்கா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"தங்கமான பொண்ணு. வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு வெள்ள. எங்க போய் யாரு கையப் புடிச்சுக்கிட்டுச் செத்தாளோ."

"வர விட்டிருந்தா பொழச்சிருப்பாளோ என்னவோ" என்றாள் கோதுமைக் கிண்ணத்துக்காரி.

"அதத்தான் நானும் சொல்றேன். வர விட்டிருக்கலாம். பாவிங்க நாம."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஓடி வந்ததில் மூச்சு முட்டி, வாயைத் திறக்கப் போகிறேன், ரொட்டி வேன் வந்து நின்றுவிட்டது.

ஸ்தாமென் இறங்கினான். கூட்டத்தைப் பார்த்தான், பூவைப் பார்த்தான், பிறகு கேட்டைப் பார்த்தான். அவன் தாளுக்கு மிக அருகில் போய், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி நின்றான். முந்தின இரவுதான் அவளிடம் முடியாது என்று சொன்னவன். ரோட்டிலேயே உட்கார்ந்தான். அவனிடமிருந்து வந்த சத்தத்தை இன்னொரு தடவை கேட்க நான் விரும்பவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கதவு திறந்தது. கலீனா வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள்.

"அப்பா, எந்திரிப்பா. அப்பா, அது ஹோம்வொர்க்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"ஹோம்வொர்க்ப்பா. அம்மா நல்லா இருக்காங்க. இப்பக்கூட மெசேஜ் போட்டாங்க, சாப்பிட்டியான்னு." போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

பென்காவின் அழுகை சட்டென்று நின்றது. "ஏன்டி, உயிரோட இருக்கறவளுக்கு யாராவது இப்படி ஒட்டுவாங்களா? வெளையாட்டா இது?"

"செலுவ போட்டது நீங்கதான் அக்கா. நான் படத்தத்தான் அனுப்பினேன்."

"ஓவியப் பாடமாம், ஓவியம்" என்று பென்கா என் பக்கம் திரும்பினாள். "கணக்கு டீச்சர் சொன்னது சரிதான்."

நான் பதிலுக்கு வாயெடுத்தேன். கலீனா என்னை முந்திக்கொண்டாள். கேட்டுக்கு முன்னால், தாளின்மேல் முதுகு படும்படி நின்றாள்.

"அம்மா விதின்ல இருக்காங்க. நாளைக்குக் காலையில ரூமக் காலி பண்ணணும். அப்புறம் அவங்களுக்குப் போக எடம் கெடையாது. இப்ப எல்லாரும் சொன்னீங்களே, வர விட்டிருக்கலாம்னு. நான் உள்ள இருந்து கேட்டேன். வந்தா விடுவீங்களா?"

கொஸ்தாதின் செருமினார். "சட்டப்படி பாத்தா, சொந்த வீட்ல தனியா இருந்துக்கலாம். நான் அன்னைக்கும் அதத்தான் சொன்னேன்." அன்றைக்கு அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரியும். "ஆனா ஊர் என்ன சொல்லுதோ" என்று முடித்தார்.

ஊர் தன் செருப்பைப் பார்த்தது.

செத்தவர்களுக்குப் பூவை இரட்டைப்படையில்தான் வைப்போம். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. மாற்றிக் கொடுத்தால் பிள்ளைகள்கூடக் கையைத் தட்டிவிடும்.

பென்கா மூக்கைச் சிந்தினாள். மெதுவாகக் கேட்டருகே வந்தாள். சற்றுமுன் திட்டினது பற்றாமல் இன்னும் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவள் என்னை ஒதுக்கிவிட்டுக் குனிந்து, தான் வைத்த டூலிப் கட்டிலிருந்து ஒரு பூவை உருவி எடுத்தாள். மிச்சத்தைத் தொடவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் கடைப்பக்கம் நடந்தாள்.

அடுத்து கோதுமைக் கிண்ணத்துக்காரி வந்தாள். அவளும் ஒன்றை எடுத்தாள், கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டாள். அப்புறம் தபால்காரர். அப்புறம் ஒவ்வொருவராக வந்து, குனிந்து, அவரவர் பூக்கட்டிலிருந்து ஒரு பூ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அழுதேன். வெட்கமில்லாமல், பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

எல்லாரும் அல்ல. எதிர்வீட்டுக்காரி தன் பூக்கட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மேயர் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அவருடைய நாலு கார்னேஷனும் வைத்தபடியே கிடந்தன.

ஸ்தாமென் எழுந்தான். கேட்டிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்து, கறுப்புக் கரையை மட்டும் மடித்து மறைத்து, திரும்ப ஒட்டினான். வேன் பின்கதவைத் திறந்து ரொட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி ரோட்டோரம் அடுக்கினான்.

"மத்த ஊருக்கெல்லாம் யாரு கொண்டு போறது?" என்றார் தபால்காரர் தூரத்திலிருந்து.

"நீங்க கொண்டு போங்க. நாளையிலேருந்து நான் வீட்ல."

பிறகு அவன் தரையைப் பார்த்தான். மேயரின் கட்டிலிருந்து ஒன்று, எதிர்வீட்டுக்காரியின் கட்டிலிருந்து ஒன்று என்று அவனே உருவி எடுத்தான். வண்டிக்கதவில் கை வைத்தவன் நின்று, கையிலிருந்ததைப் பார்த்தான். இரண்டு பூ. திரும்பி வந்து ஒன்றைக் கலீனாவிடம் கொடுத்தான். மற்றதை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, விதின் ரோட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.