துரையின் வயிறு

அன்று காலையும் துரை கூடத்தின் நடுவில்தான் வேலையை முடித்து வைத்திருந்தான். வீட்டில் மூலை என்று நான்கு இருக்கிறது, பழைய செய்தித்தாள் பரப்பிய பால்கனி இருக்கிறது, அதெல்லாம் அவனுக்கு ஆகாது. மஞ்சளாக, தண்ணீராக, நடுவில் சளி மாதிரி ஏதோ மினுக்கிக்கொண்டு கிடந்தது. ஐந்து வாரமாக இதே கதை. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீரை ஊற்றித் தள்ளியிருப்பார்கள். நான் முட்டிபோட்டு உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். ஆஸ்பத்திரி லேபில் மலப் பரிசோதனை மேசை என்னுடையது. பதினாறு வருஷமாக ஊரார் வயிற்றில் இருப்பதையெல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதுவே. உனக்கு வீட்டிலும் ஓவர்டைமா என்று லேபில் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஐந்தாவது வாரத்தில் சிரிப்பு வரவில்லை.

துரை மூன்றரை மாத நாய்க்குட்டி. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பிறந்த ஐந்தில் ஒன்று. தூக்கி வந்தவர் என் கணவர். அதே ஆஸ்பத்திரி கேன்டீனில் தலைமைச் சமையல்காரர், அதனால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கோபம் வந்தால் எனக்கும் மாஸ்டர்தான். நாய், பூனை என்றால் பத்தடி தள்ளி நடக்கிற மனிதர், பெரிய காய்ச்சல் ஒன்றில் விழுந்து எழுந்த பிறகு ஒருநாள் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்தார். சட்டையிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. காய்ச்சல் மனிதனை இளக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை, அதையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். வீடு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே, ஊழியர் குடியிருப்பின் மாடியில். தினமும் பத்து மணிக்கு மாஸ்டர் வேலைக்கு நடுவே ஓடிவந்து குட்டியைப் பார்த்துவிட்டுப் போவார். கட்டிய பெண்டாட்டிக்கு உடம்பு முடியாமல் கிடந்தபோதுகூட இப்படி வந்ததில்லை என்று சொல்லிக்காட்டினேன். 

நாய் டாக்டரிடம் நான்கு தடவை போயாகிவிட்டது. பூச்சி மருந்து கொடுத்தார். ஊசி போட்டார். தண்ணீரில் கலக்கும் பவுடர் கொடுத்தார். பையில் வரும் நாய்த்தீனியை மாற்றச் சொன்னார், மாற்றினோம். இரண்டு நாள் கெட்டியாகும், எனக்கு உயிர் வரும், மூன்றாம் நாள் மறுபடியும் தண்ணீர். நான்காம் தடவை டாக்டர் துரையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

"வீட்டுச் சாப்பாடு எதுவும் தர்றீங்களா?"

"சேச்சே, ஒரு பருக்கைகூட இல்ல டாக்டர்," என்றார் மாஸ்டர், என்னை முந்திக்கொண்டு.

"ரத்தம் குறைஞ்சிட்டே வருது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா இது தாங்காதும்மா."

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். லேபில் ஒரே சீட்டை மூன்று தடவை படித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி, கதவைத் திறப்பதற்கு முன்னால் மூச்சைப் பிடித்து வாசனை பார்ப்பேன். ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர், அவருக்குப் பெரிய தோட்டம், ஏற்கெனவே மூன்று நாய்கள், 'ஞாயித்துக்கிழமை நான் வந்து தூக்கிட்டுப் போறேன்க்கா, மண்ணுல புரண்டா எல்லாம் சரியாயிடும்' என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அன்று பூராவும் திட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டரிடம் சொன்னபோது அவர் முகம் செத்துவிட்டது.

"அதெல்லாம் முடியாது. அது இங்கதான் இருக்கணும்."

"இருந்தா செத்துரும்."

"அது இல்லன்னா எனக்கு வேலை ஓடாது," என்றார். பாசத்தில் சொல்வதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் ஒரு சின்ன டப்பாவில் துரையின் சமாச்சாரத்தை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். செய்யக்கூடாதுதான். சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். புழு முட்டை இருக்கும், கிருமி இருக்கும், பெயர் தெரிந்த எதிரி ஏதாவது இருப்பான் என்று தேடினேன். ஒருவனும் இல்லை. எண்ணெய்த் துளிகள் மிதந்தன. பக்கத்தில் செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமாக ஏதோ ஒன்று. எனக்கு அதைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பை முதன்முதலில் தொடுகிற எல்லோருக்கும் தெரியும். வெங்காயத்தோல். நாய்க்கு வெங்காயம் விஷம், ரத்தத்தையே கரைத்துவிடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

யாரோ என் குட்டிக்கு எண்ணெயும் வெங்காயமும் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கீழ்வீட்டு அக்கா. மிச்சம் மீதியைக் காக்காய்க்கு, பூனைக்கு என்று மதில்மேல் வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. சாயங்காலம் நேராகப் போய் கதவைத் தட்டி, எடுத்த எடுப்பில் கத்தினேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்றுகூடக் கேட்டேன். பிள்ளை என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அக்கா கையில் துடைப்பத்தோடு முழுசாகக் கேட்டு முடித்தார்.

"எங்க வீட்டுல வெங்காயத்தைக் கண்ணால பாத்து ரெண்டு மாசம் ஆச்சு. இவருக்கு அல்சர். என்னைக் கேக்க வந்துட்டே. தினம் பத்து மணிக்கு உன் வீட்டுக்காரர் தூக்குச்சட்டியோட மாடி ஏறுறாரே, அதுல என்னன்னு முதல்ல அவரைக் கேளு."

நான் படியேறி வந்தேன். மாஸ்டர் துரையை மடியில் போட்டு வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார், எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு லேபில் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. பால்கனியில் மாஸ்டர் சமையல் தொப்பியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் மூன்று சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் சூப், ஒன்றில் வேகவைத்த காய், ஒன்றில் கோழிக்கறி. வார்டுகளுக்குப் போகிற மத்தியானச் சாப்பாடு. துரை முதல் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாஸ்டர் இரண்டாவதை நகர்த்தினார். அதற்கும் திருப்பிக்கொண்டான். மூன்றாவதில் நாக்கை வைத்து எடுத்துவிட்டுப் பின்னால் போனான். மாஸ்டர் அவன் முகத்தையே, ரிசல்ட் பார்க்க வந்த மாணவன்போல, பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலயும் உப்பு ஜாஸ்தியா? இன்னும் குறைக்கணுமாடா?"

"யாரைக் கேக்குறீங்க?" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது, அவர் கண் அப்படி இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குதும்மா."

"என்ன தெரியல?"

"ருசி, வாசனை, எதுவுமே. அந்தக் காய்ச்சலோட போயிடுச்சு. டீயும் வெந்நீரும் எனக்கு ஒண்ணுதான். அடுப்புல தீயுறதுகூட புகை வந்தாத்தான் தெரியுது."

நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் நான் செய்து வைத்த எல்லாவற்றையும் இந்த மனிதர் நல்லாருக்கு என்றுதான் சாப்பிட்டார். அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் என் சமையலில் அவர் குறை சொல்லாத நாள் கிடையாது. உப்பு தூக்கல், வேகல, உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா என்பார். ஒருவழியாக என் கை தேறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன். அவர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்ட நாளெல்லாம் எனக்கு நினைவிருந்தது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

"அப்ப நான் செஞ்சதெல்லாம்?"

"சூடா இருந்துச்சு. அது தெரிஞ்சுது."

பிறகு தானாகவே சொன்னார். கேன்டீன் பின்வாசலில் குட்டிகளுக்கு மிச்ச சோறு போட்டபோது, நான்கு குட்டி விழுந்து தின்ன, இது ஒன்று மட்டும் முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போனதாம். அன்று சோற்றில் உப்பு அதிகம் என்று வார்டிலிருந்து புகார் வந்திருந்ததாம். இதற்குத்தான் தெரிகிறது என்று முடிவு கட்டிவிட்டார். இருபத்தேழு வருஷம் சமையலில் ஊறிய மனிதருக்கு வந்த யோசனை இது! நாயைக் கேட்டு உப்புப் போடுவது. அதைவிடக் கூத்து, வயிறு கெட்ட பிறகு துரை எதைக் கண்டாலும் முகத்தைத் திருப்பினான், அவர் உப்பைக் குறைத்துக்கொண்டே போனார். இரண்டு வாரமாக ஆஸ்பத்திரி சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று லேபில்கூடப் பேச்சு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"கூட இருக்கறவங்களைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா அன்னிக்கே ஊருக்கே தெரிஞ்சிடும். ருசி தெரியாத மாஸ்டரை எவன் வச்சுக்குவான்? இது யார்கிட்டயும் சொல்லாது."

"என்கிட்ட?"

"உன்னை நான் என்னென்ன சொல்லியிருக்கேன். அதையெல்லாம் நீ திருப்பிச் சொல்லுவே."

சொல்லியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை அவரிடம் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் வெங்காயத்தைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொல்லும்போது இவர் கவனித்திருக்கவில்லை. ரெண்டு நக்கு நக்கினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாராம். அந்த ரெண்டு நக்கு தினமும் நடந்தது என்பதும், சூப்பில் அரைத்துவிட்ட வெங்காயம் எவ்வளவு என்பதும் அவருக்கே தெரியும். எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. துரையை இழுத்துத் தன் சட்டை நுனியால் அவன் வாயைத் துடைத்தார், நாக்கைக்கூடத் துடைக்கப் பார்த்தார். துரை விளையாட்டென்று நினைத்து விரலைக் கடித்தான். அவர் கடிக்க விட்டுவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் டாக்டரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையைச் சொல்லாமல் விடுகிறேன். வெங்காயம் நின்றால் ரத்தம் மெல்ல ஏறும், ஊசி மூன்று போட வேண்டும், வெறும் சோறும் வேகவைத்த கோழியும் மட்டும் கொடுங்கள் என்றார். மாஸ்டர் சனி, ஞாயிறு லீவு போட்டார். ஆம்புலன்ஸ் டிரைவரை வரவேண்டாம் என்றேன். இரண்டு நாளும் நானும் அவரும் துரையின் பின்னாலேயே சுற்றினோம், அவன் உட்கார்ந்தால் உட்கார்ந்து, எழுந்தால் எழுந்து. அவன் வாலைத் தூக்கினால் இருவரும் குனிந்து பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் செய்தித்தாளை மதித்து அதன்மேல் உட்கார்ந்தான். எழுந்து நகர்ந்தபோது நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார். பழுப்பாக, கெட்டியாக, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அழகாக இருந்தது. அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலைல மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன்," என்றார் மாஸ்டர், செய்தித்தாளை மடித்துக்கொண்டே.

"என்ன சொல்லுவார்?"

"அனுப்பிடுவார்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் வீட்டுக்கு வரவில்லை. நான் லேப் ஜன்னலில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தே முக்காலுக்கு மாதிரி டப்பாக்கள் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு, போகவேண்டிய வழியை விட்டுவிட்டு, கேன்டீன் பக்கமாகப் போனேன். மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. மாஸ்டர் அப்போதுதான் உள்ளே போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். மேனேஜர் முன்னால் ஒரு கிண்ணம் சூப், பாதி காலி. அன்று அதை யாரும் ருசி பார்க்கவில்லை. நாயும் இல்லை, மனிதனும் இல்லை, மாஸ்டர் கை போன போக்கில் போட்ட உப்பு.

"வாங்க மாஸ்டர், நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் மேனேஜர். "ரெண்டு வாரமா வார்டுல ஒரே புலம்பல். இன்னிக்குப் பாருங்க, பழைய கை திரும்பிடுச்சு. என்ன பண்ணுனீங்க?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டாம் என்றும் அதே நொடியில் நினைத்தேன், எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. ஓரடி முன்னால் வைத்தேன், தட்டில் டப்பாக்கள் ஒன்றோடொன்று இடித்தன. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அட, நீங்களே ஒரு வாய் பாருங்களேன்," என்று மேனேஜர் இன்னொரு கரண்டியை எடுத்து, சூப்பை மொண்டு, மேசைக்குக் குறுக்கே நீட்டினார்.

மாஸ்டர் தொப்பியை இடுக்கிக்கொண்டு கரண்டியை வாங்கினார். வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார், நான் கதவருகே காத்திருந்தேன். அவர் அதை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.