கறையக்காவின் களிம்பு

மருந்துக்கடையம்மா அந்தக் களிம்புச் சீசாவைக் கையில் கொடுத்தாளா, மேசைமேல் வைத்துத் தள்ளினாளா என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. கையில்தான் கொடுத்தாள் என்று கறையக்கா பிற்பாடு அடித்துச் சொன்னாள். மகளோ, "உன் கை பட்டுருமோன்னு மேசைமேல வெச்சாங்கம்மா" என்றாள். இரண்டில் எது நிஜம் என்று இன்றுவரை தெளியவில்லை. மற்றதை ஏறக்குறைய நடந்தபடியே சொல்லிவிட முடியும்.

சம்பந்தம் பேச வந்த அன்று, கறையக்கா தேநீரை நீட்டினாள். மருந்துக்கடையம்மாவின் பார்வை கோப்பையில் இல்லை. அதைப் பிடித்திருந்த விரல்களில் இருந்தது. முட்டிகளில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. நகக்கண்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. கோப்பை வாங்கப்படாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி," என்று கைப்பையைத் திறந்தாள். "நம்ம கடைச் சரக்குதான். வெளிநாட்டுக் களிம்பு. கல்யாணம் வரைக்கும் விடாம பூசுங்க. நாலு பேரு வந்து போற இடம். எங்க சனங்க கை காலெல்லாம் பாப்பாங்க."

"ஆகட்டும் சம்பந்தியம்மா," என்று கறையக்கா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஒரு பெரிய விடுதியின் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. விரிப்புகள் இயந்திரத்துக்குப் போகும் முன், கறை எடுக்கும் தொட்டியில் அவள் கைக்கு வரும். மை, ரத்தம், உதட்டுச் சாயம், எதுவும் அவளிடம் நிற்காது. அதனால் அந்தப் பெயர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தொட்டித் தண்ணீர்தான் மகளை வளர்த்தது. மகள் இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாள். அங்கே துணி எடுக்க வந்த மருந்துக்கடைப் பையன்தான் அவளைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் நின்றான். கறையக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் கை ஒருநாளும் அந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது. அவளுடைய ஆசை மொத்தமும் அவ்வளவுதான்.

சீசா சீக்கிரமே காலியானது. வெடித்த கைகள் களிம்பைக் குடித்தன. கறையக்கா கொண்டை ஊசியால் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு கேட்டா என்ன நெனைப்பாங்க? வாங்கலாம்னா ஒரு மாசச் சம்பளத்துல பாதியில்ல போயிரும்."

மகள் சீசாவைப் பிடுங்கி, ஒட்டியிருந்த தாளை வாசித்தாள். "தேன்மெழுகு, எண்ணெய், வாசனை. இவ்வளவுதாம்மா! இதுக்கா இந்த விலை? மிச்சத்த கண்ணாடிக்கும் மூடிக்கும் குடுக்கறோம் போல."

தேன் விற்கிறவரிடம் மெழுகு வாங்கினார்கள். கொதிக்கும் தண்ணீருக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து, மெழுகை உருக்கித் தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். முதல் தடவை மெழுகு கூடிப்போய்க் கல்லாக இறுகிவிட்டது.

"திரி போட்டா விளக்கு வெக்கலாம்," என்றாள் மகள்.

கறையக்கா சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்த முறை எண்ணெயைக் கூட்டினார்கள். உருகியதில் ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டு, இறுகியதும் விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். வெண்ணெய் போல இழைந்தது. கடைக் களிம்பு தொட்டித் தண்ணீரில் ஒரு முக்குக்கே கரைந்துவிடும். இது மதியம்வரை நின்றது. சலவைக் கூடத்துப் பெண்களும் கை நீட்டினார்கள்.

"எனக்கும் ஒரு விரல் குடு கறையக்கா. என் புருஷன் என் கையப் புடிச்சு வருஷமாச்சு."

"கை வழுவழுன்னு ஆனா மட்டும் புடிச்சிருவாராக்கும்!"

வெடிப்புகள் மூடின. களிம்பு பழைய சீசாவிலேயே இருந்தது. சம்பந்தியம்மா பார்த்தால் சந்தோஷப்படட்டும் என்று.

தேதி குறிக்க மருந்துக்கடையம்மா மகனோடு வந்தாள். உட்கார்ந்ததும், "கையக் காட்டுங்க பாப்போம்" என்றாள்.

கறையக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோல இரண்டு கைகளையும் நீட்டினாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அட! சரக்குன்னா இது சரக்கு. பாத்தியாடா?" மகன் தலையாட்டினான். அலமாரியில் இருந்த சீசாவை அவளே எடுத்தாள். "கடையில இருப்பு தீந்து போச்சு. என் முழங்கையெல்லாம் சொரசொரங்குது." இரண்டு விரலால் வழித்துத் தேய்த்துக்கொண்டாள். "இந்தத் தடவை இன்னும் நல்லாத்தான் வந்திருக்கு." பிறகு, தேய்த்தபடியே சொன்னாள்: "இன்னொரு விஷயம் சம்பந்தி. கல்யாணத்தன்னிக்குப் பந்தி பக்கம் மட்டும் நீங்க வராதீங்க. கை இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊரான் அழுக்கத் தொடற கைன்னு எங்க சனத்துக்குத் தெரியும். சாப்பாட்டுல கை வெச்சா முகம் சுளிப்பாங்க."

"சரிங்க சம்பந்தியம்மா," என்று கறையக்கா சொல்லி முடிக்கவில்லை.

"அத்தை, அது உங்க கடைச் சரக்கு இல்ல," என்றாள் மகள். "அது எப்பவோ தீந்துருச்சு. இது எங்கம்மா தன் கையால கிண்டினது."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. மருந்துக்கடையம்மா எழுந்து, பின்கட்டுக் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். களிம்பு போகவில்லை.

கறையக்காதான் ஓடினாள். "பச்சத் தண்ணியில போகாது சம்பந்தியம்மா. இருங்க, இருங்க." காய்ந்த துணியால் முதலில் துடைத்தாள். வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்தாள். அந்தக் கையைத் தன் கைக்குள் வாங்கி, விரல் விரலாக, முழங்கைவரை கழுவினாள். எத்தனையோ கறைகளை எடுத்தவள். இதையும் அதே கவனத்தோடு எடுத்தாள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் தொட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"அம்மா, விடும்மா," என்றாள் மகள்.

"நீ சும்மா இரு."

மருந்துக்கடையம்மா கையை முகர்ந்து பார்த்தாள். "சரி, போகட்டும். தெரியாம நடந்தது. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. தேதியப் பேசுவோம்."

கறையக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்க எதாவது சொல்லணுமா?"

அவன் காலால் தரையைத் தேய்த்தான். "அம்மாவுக்குக் கொஞ்சம் சுத்தம் ஜாஸ்தி. வேற ஒண்ணும் இல்ல."

"எங்கம்மாவுக்கு அதுதாங்க பொழப்பு," என்றாள் மகள். வாசல் கதவை அகலமாகத் திறந்துவைத்து ஒதுங்கி நின்றாள். "தேதி வேணாம். கிளம்புங்க."

கறையக்கா அவர்கள் பின்னாலேயே தெருமுனைவரை போனாள். சின்னப் பொண்ணு, வாய்த் துடுக்கு, மன்னிச்சுக்கங்க என்று சோப்பு நுரை காயாத கைகளைக் கூப்பிக்கொண்டே போனாள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டியது.

"நான் கழுவிவிட்டா எனக்கு என்னடி கொறஞ்சு போச்சு?" என்று கறையக்கா ஒருமுறை கேட்டாள். மகள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

மருந்துக்கடைப் பையனுக்கு அடுத்த வருடமே வேறிடத்தில் கல்யாணம் ஆனது. கடை நன்றாக நடக்கிறது. மகளுக்கு அதன் பிறகு வரன் அமையவில்லை; திமிர் பிடித்தவள் என்று தெருவில் பேர். துணிக்கடைக்குப் போய்வருகிறாள். விடுமுறை நாளில் மெழுகு உருக்கிச் சலவைக் கூடத்துப் பெண்களுக்குச் லாபம் வைக்காமல் ஆன செலவுக்கே களிம்பு கொடுக்கிறாள். அவர்கள் கைகளில் இப்போது வெடிப்பு இல்லை. கறையக்கா இன்னும் அதே தொட்டியருகில் நிற்கிறாள். மகளோடு பேசுகிறாள், சாப்பிடுகிறாள். களிம்பை மட்டும் அன்றிலிருந்து தொடுவதில்லை. அவள் கைகளில் ரத்தம் கசிகிறது.