மணல் வைத்த கரை

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும் என்பார்கள். நிற்கட்டுமே. கால்வாயில் களிமண் மிதிக்கும் பெண்களை மேய்க்கிறவளுக்குக் கோபம் இல்லையென்றால் தண்ணீர் நகரத்துக்குப் போய்ச் சேராது, வழியிலேயே மண்ணுக்குள் இறங்கிவிடும்.

எங்கள் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆண்கள் வெட்டிய கால்வாய்க்கு நாங்கள் காலால் பூச்சுப் போட்டோம். ஈரக் களிமண்ணைச் சாண் கனத்துக்குப் பரப்பி, ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, கட்டியோ காற்றோ தங்காமல் மிதிக்க வேண்டும். அது இறுகியதும் மேலே அடுத்த அடுக்கு. வருடக்கணக்காக மிதித்தோம். பள்ளத்தாக்குக்கு மேலே கல்பாலம் கட்டி அதன் முதுகில் தண்ணீரை ஓட விட்டவர்களுக்கு ஊரெல்லாம் பாராட்டு. எங்களுக்குப் பித்தவெடிப்பு.

எனக்குப் பக்கத்தில் நின்று மிதித்தவள் என் ஓரகத்தி, சின்னவள். வாய் ஓயாது. அவள் புருஷனுக்கு, அதாவது என் கொழுந்தனுக்கு, எங்கள் தெருவுக்கு மேலே இருந்த கரையில் காவல் வேலை கிடைத்தது. "இவரு கரையக் காவல் காக்கிறாராம். தூங்கிட்டா இவர யாருக்கா காவல் காக்கிறது?" என்பாள். வரிசையே குலுங்கிச் சிரிக்கும். அவன்மேல் அவளுக்கு உயிர்.

ஆனால் கால்வாய்க்காக மேட்டை வெட்டியபோது எங்கள் தெருக் கிணற்றின் ஊற்று அறுந்துபோனது. தலைக்கு மேலே கால்வாய் நிறையத் தண்ணீர். கீழே நாங்கள் குடத்தோடு ஆற்றுக்கு அலைந்தோம். இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன். "இது நகரத்துத் தண்ணிம்மா, என் கையில ஒண்ணுமில்ல" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொஞ்ச நாளில் கிணறு தானாகவே ஊறத் தொடங்கியது. தெருவே கூத்தாடியது. சின்னவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் வாளித் தண்ணீர் கலங்கி வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுவென்று எங்கள் களிமண். அப்படியானால் இது ஊற்று இல்லை, கால்வாயிலிருந்து கசிகிற தண்ணீர். கசிவு தெளிந்து வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், கரையை உள்ளேயிருந்து தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். அந்தக் கரையில்தான் என் கொழுந்தன் பகலெல்லாம் நடக்கிறான்.

நேராகச் சின்னவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"எந்த இடம்டி?"

"எது?"

"நடிக்காத. ஊரே ஆடினப்ப நீ மட்டும் வாயடைச்சு நின்னியே. எங்க ஓட்டை வச்ச?"

தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சொன்னா அவரு வேலை போயிரும்க்கா. என்னை ஜெயில்ல போட்ருவாங்க. கிணறும் போயிரும்."

"வேலை போனா வேற வேலை. கரை போனா ஆளே போயிருவான்டி, அறிவு கெட்டவளே!"

கெஞ்சினேன், திட்டினேன், கை ஓங்கினேன். அவ்வளவு நீளக் கரையில் எங்கே என்று தேடுவது? உச்சிவெயில் சாய்ந்த பிறகுதான் விம்மலுக்கு நடுவே வந்தது. கால்வாயில் தண்ணீர் விடுவதற்கு முன்னால், மிதிக்கிற வேலையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஒற்றைப் பாறைக்கு எதிரே, களிமண்ணுக்குள் ஒரு மூட்டை மணலைத் திணித்து மூடிவிட்டாளாம். "லேசாக் கசிஞ்சு கிணத்துக்கு வரும்னுதான் நெனச்சேன்க்கா."

ஓடினோம். தூரத்திலிருந்தே தெரிந்தது. அவன் எங்களுக்கு முன்பே ஈரத்தைக் கண்டுபிடித்திருந்தான். கரைச்சரிவில் மண்டியிட்டு, கூடைக் களிமண்ணை அள்ளி அள்ளி ஓட்டையில் அடைத்துக்கொண்டிருந்தான். "மேல வா! விட்டுட்டு மேல வா!" என்று கத்தினோம். அவன் நிமிர்ந்து பார்த்தான். உதவிக்கு வருகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, வாங்க வாங்க என்று கையாட்டினான். கரை அவனோடு சேர்ந்து அப்படியே உட்கார்ந்தது.

தண்ணீர் ஓடைப் பக்கம் திரும்பியதால் தெரு பிழைத்தது. அவன் கிடைக்கவில்லை. வெள்ளத்தோடு போனானா, சரிந்த மண்ணுக்கு அடியில் கிடக்கிறானா, யாருக்கும் தெரியாது.

மேலே மதகை அடைத்துவிட்டார்கள். நகரத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இன்ஜினியர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தோண்டித் தேடினா மீதிக் கரையும் சரிஞ்சிரும்மா. சரிஞ்ச மண்ணு மேலயே களிமண் போட்டு அடைக்கணும். உங்க ஆளுங்களத் தவிர இத யாராலயும் செய்ய முடியாது."

வாய்க்கு வந்தபடி ஏசினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அப்புறம் என்ன, போனோம்.

"நீ வராதடி" என்று சின்னவளிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். வந்தாள். மணல் சங்கதி அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்று என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எல்லோர் காலும் மண்ணில் புதைந்து எழுந்தது. அவள் கால் மட்டும் மண்ணைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. அவள் நின்ற இடம் இறுகவே இல்லை. அப்படியே விட்டால் அங்கேதான் மறுபடியும் கசியும். கரைமேல் புதுக் காவல்காரன் நின்றுகொண்டிருந்தான். அவனும் ஒருத்திக்குப் புருஷன்தானே.

"அழுத்தி மிதிடி" என்றேன்.

"அவருக்கு வலிக்கும்க்கா."

அவளை என்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன்.

"வலிக்கும்டி. மிதி."

மிதித்தாள்.