காயிலுக்குப் போகும் வயர்

பேக்கரிக்காரர் மறுபடியும் போன் செய்தார். "வண்டி வருதா இல்லையாம்மா? ரொட்டி ட்ரே எல்லாம் வாசல்ல அடுக்கியாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேன். அப்புறம் வேற வண்டிக்குக் குடுத்துடுவேன், கோச்சுக்காத."

முதல் நாள், முதல் லோடு. நாயாய் அலைந்து வாங்கிய வேலை. என் பழைய பிக்கப்போ அண்ணனின் கடை முற்றத்தில் அசையாமல் நின்றது. நேற்று மாலை நானே ஓட்டிவந்து நிறுத்திய வண்டி. இப்போது சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது.

"காயில் போயிடுச்சும்மா, அதான் ஸ்பார்க் இல்ல," என்றான் அண்ணன். வண்டி வயரிங் கடை அவனுடையது, நான் அவனிடம் வேலை செய்பவள். டெஸ்ட் லைட்டோடு பானெட்டுக்குள் குனிந்திருந்தான். "காயில் வரைக்கும் கரண்ட் வருது, நானே வெச்சுப் பாத்துட்டேன். வேற காயில் மாட்டு."

துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டி, விரல் முட்டியெல்லாம் தோல் உரிய, வேறு காயில் மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, அவ்வளவுதான். ஸ்பேனரைத் தரையில் வீசி அடித்தேன். அண்ணன் சொல்லிவிட்டான் என்று எதையும் சோதிக்காமல் மாட்டிய என் புத்தியை எதால் அடிப்பது?

டெஸ்ட் லைட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். சாவி ஆனில் இருந்தது. அதன் கிளிப்பை வண்டி பாடியில் மாட்டி, முனையைக் காயிலில் வைத்தேன். பல்பு எரியவில்லை.

"எங்கண்ணா கரண்ட் வருது? லைட்டே எரியலையே."

"எரிஞ்ச மாதிரிதாம்மா இருந்துச்சு." கண்ணைக் கசக்கினான். "என் கண்ணு இருக்கற லட்சணம் உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவனுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. மெல்லிய வயரை இப்போதெல்லாம் தடவித்தான் கண்டுபிடிக்கிறான். வருகிறவர்களிடம் வாய் பேசுவது அவன், வயரைத் தொடுவது நான். என் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. பாவம், இவனிடம் போய்க் கத்தினோமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குத்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வண்டிக்குள் போய் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். டெஸ்ட் லைட்டைச் சாவி சுவிட்சில் வைத்தேன், பல்பு எரிந்தது. ஃப்யூசின் இரண்டு பக்கமும் எரிந்தது. அப்படியென்றால் ஃப்யூசுக்கும் காயிலுக்கும் நடுவில்தான் கோளாறு.

"அங்க ஒண்ணும் இருக்காதும்மா," அண்ணன் கதவருகே வந்து நின்றான். "டிஸ்ட்ரிபியூட்டரக் கழட்டிப் பாரு."

"நீ கொஞ்சம் சும்மா இருண்ணா."

காயிலுக்குப் போகும் வயரைப் பிடித்து விரலை ஓட்டிக்கொண்டே போனேன். மற்ற வயர்களுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. இழுத்து வெளியே எடுத்தேன். புது டேப். டேப்பின் மேல் மெழுகு நூல் கட்டியிருந்தது.

சூட்டில் டேப்பின் பசை விட்டுவிடும் என்று மேலே மெழுகு நூல் கட்டுவது எங்கள் கடையில் மட்டும்தான். வேறு எந்தக் கடைக்காரனுக்கும் அந்தப் பொறுமை கிடையாது. நான் கட்டினால் நூலை ஒட்ட நறுக்கிவிடுவேன். அண்ணன் கண்ணுக்கு முடிச்சு தெரியாது. எங்கே முடிச்சையே வெட்டிவிடுவோமோ என்று பயந்து, நுனியை நீளமாக விட்டுவிடுவான். இந்த நூல் என் மூக்கின் மேல் தொங்கியது.

டேப்பைப் பிரித்தேன். வயர் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முனையும் தொடாதபடி விலக்கி வைத்துச் சுற்றியிருந்தான். கழுத்தை அறுக்கிற வேலையைக்கூடக் கைப்பழக்கம் விடாமல் நூல் கட்டி முடித்திருக்கிறான், படுபாவி.

எழுந்து உட்கார்ந்து, அந்த நூலை அவன் கையில் வைத்தேன். விரலால் தடவினான்.

"நீ வெட்டிட்டு, என்னையே காயில் மாட்ட வெச்சு வேடிக்கை பாத்தியா?"

"நீ போயிட்டா கடைய யாரு பாப்பா?" குரல் உடைந்தது. "எனக்குக் கண்ணு தெரியலம்மா. வெளிய சொன்னா ஒருத்தன் வண்டி விட மாட்டான்."

"அத வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா இருப்பியா?"

"ரொட்டி லோடு காலையில மட்டும்தாண்ணா. மத்தியானத்துக்கு மேல எப்பவும் போல கடைக்கு வர்றதாத்தான் இருந்தேன். அத இன்னிக்கு லோடு எறக்கிட்டு வந்து உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் கண் என் முகம் இருக்கும் திசையைத் தேடியது. "அப்போ வருவேதானே?"

வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். நூல் கட்டவில்லை. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. பேக்கரிக்குப் போன் போட்டு, கிளம்பிவிட்டேன் என்றேன்.

முற்றத்தின் இன்னொரு பக்கம், மாலைக்குள் முடித்துத் தருவதாக அவன் வாக்குக் கொடுத்த வேன் டாஷ்போர்டு கழற்றியபடி நின்றது. வயரெல்லாம் வெளியே தொங்கின. நேற்று நான் பாதியில் விட்ட வேலை.

"வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டேன். வாசல் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். கையை முன்னால் நீட்டிக்கொண்டு, அவன் அந்த வேனை நோக்கி நடந்துகொண்டிருந்தான். நான் வண்டியை நிறுத்தவில்லை.